பாதரசத் துளியும் பீலித் தண்ணீரும்: யரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கியின் வாழ்க்கை

சீனி வருத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீடுகளில் இன்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. எங்கள் தோட்டத்து லயன்களிலும் சில வீடுகளில் அது வந்துவிட்டது. விரல் நுனியில் குத்தி, ஒரு துளி இரத்தத்தை மெல்லிய பட்டியொன்றில் தொட்டால், சில விநாடிகளில் எண் தெரிகிறது. எண் கூடினால் சோற்றைக் குறைக்கிறார்கள், கிளினிக்குக்குப் போகிறார்கள். அந்தப் பட்டிக்குள் நடப்பது இரத்தப் பரிசோதனை மட்டுமல்ல, மின்னிரசாயனமும்கூட. இரத்தத்திலுள்ள குளுக்கோசு அங்கே இலத்திரன்களை விடுகிறது. கருவி அந்தச் சிறு மின்னோட்டத்தை அளந்து எண்ணாக மாற்றிக் காட்டுகிறது.

நான் எல்லயை அடுத்த பாடசாலையொன்றில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். மின்னிரசாயனம் பாடம் வரும்போதெல்லாம் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்வேன். மின்னோட்டத்தைப் பார்த்தே ஒரு திரவத்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் ஒன்றாகப் பதில் சொல்லலாம் என்று காட்டியவர் அவர். பெயர் யரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி. இரத்தத்துக்குக் கிடைத்த கருவி குடிதண்ணீருக்கு ஏன் இன்னும் கிடைக்கவில்லை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனால் அவருடைய வாழ்க்கையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

மருந்துக் கலவையாளராக ஒரு போர்க்காலம்

ஹெய்ரோவ்ஸ்கி 1890 டிசம்பர் 20ஆம் திகதி பிராக் நகரில் பிறந்தார். அப்போது அது ஒஸ்ரிய-ஹங்கேரியப் பேரரசின் கீழ் இருந்தது. தந்தை லியோபோல்ட், சார்ள்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோமானியச் சட்டப் பேராசிரியர். குடும்பத்தில் ஐந்தாவது பிள்ளையான யரோஸ்லாவ் சட்டத்தின் பக்கம் போகவில்லை. 1909இல் பிராக்கில் இரசாயனம், பௌதிகம், கணிதம் படிக்கத் தொடங்கி, அடுத்த ஆண்டே லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் போனார். அங்கே வில்லியம் ராம்சேயிடமும் பின்னர் பிரெட்ரிக் டொனனிடமும் படித்து 1913இல் பட்டம் பெற்றார். டொனன் அவருக்குக் கொடுத்த ஆய்வு அலுமினியத்தின் மின்வாய் பற்றியது. அந்த உலோகத்தின் மேல் காற்றுப் பட்டவுடன் ஒட்சைட்டுப் படலம் படிந்துவிடும். மேற்பரப்பு நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அளந்த எண் அடுத்த முறை அளக்கும்போது வராது. சுத்தமான, மாறாத மேற்பரப்பு இல்லாமல் நம்பத்தக்க அளவீடு இல்லை என்பதை அவர் அந்த ஆய்வில் பட்டுத் தெரிந்துகொண்டார்.

1914 கோடையில் விடுமுறைக்கு ஊர் வந்தவரை முதலாம் உலகப் போர் பிடித்துக்கொண்டது. லண்டனுக்குத் திரும்ப முடியவில்லை. படையில் சேர்க்கப்பட்டு, இராணுவ வைத்தியசாலையில் மருந்துக் கலவையாளராகவும் எக்ஸ்ரே பிரிவிலும் வேலை செய்தார். மருந்துகளை நிறுத்துக் கலந்து கொடுத்துக்கொண்டே தன் ஆய்வையும் எழுதி முடித்து, 1918இல் பிராக்கில் கலாநிதிப் பட்டத்துக்குத் தோற்றினார். அந்தப் பரீட்சைதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. பரீட்சகர்களில் ஒருவரான பௌதிகப் பேராசிரியர் பொகுமில் குச்சேரா, மெல்லிய கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டும் பாதரசத் துளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்து வந்தார். அதில் விளங்காத சில முரண்கள் இருந்தன. அவற்றை ஆராயும் வேலையை இந்த இளைஞரிடம் விட்டார்.

துளிக்குத் துளி புதிய முகம்

அந்த வேலை பொறுமையைச் சோதிப்பது. மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு அழுத்தத்திலும் விழும் பாதரசத் துளிகளைச் சேர்த்து நிறுக்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படிப் போயின. இதற்குள் குச்சேராவும் 1921இல் இறந்துவிட்டார். துளியை நிறுப்பதற்குப் பதிலாக, துளியின் ஊடாக ஓடும் மின்னோட்டத்தை அளந்தால் என்ன என்று ஹெய்ரோவ்ஸ்கிக்குத் தோன்றியது. 1922 பெப்ரவரி 10ஆம் திகதி சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் அதைச் செய்து பார்த்தார்.

மின்னழுத்தத்தைக் கூட்டக் கூட்ட மின்னோட்டம் சீராக ஏறவில்லை. படிக்கட்டு போல ஏறியது. கரைசலில் கரைந்திருந்த காற்றின் ஒட்சிசன் ஒரு அழுத்தத்தில் இலத்திரன்களை ஏற்றது. சோடியம் வேறொரு அழுத்தத்தில் ஏற்றது. ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென்று ஒரு படி. படி எந்த அழுத்தத்தில் வருகிறது என்பது பொருளின் அடையாளம். படி எவ்வளவு உயரம் என்பது அதன் அளவு. உயரத்துக்கும் அளவுக்கும் உள்ள தொடர்பைச் சமன்பாடாக எழுதியவர் அவருடன் வேலை செய்த டியோனிஸ் இல்கோவிச். அது 1934இல் வந்தது.

இதில் பாதரசத்துக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம்? துளி விழுந்ததும் அடுத்த துளி புதிதாக உருவாகிறது. முந்திய துளியில் படிந்த அழுக்கு அதனுடனேயே போய்விடுகிறது. சில விநாடிக்கு ஒரு தடவை கழுவித் துடைத்த மின்வாய் கிடைத்த மாதிரி. அலுமினியத்தில் அவர் பட்ட கஷ்டத்துக்கு இங்கே விடை கிடைத்தது.

ஒரு வளைகோட்டைக் கையால் வரைய முதலில் மணிக்கணக்கு ஆனது. ஜப்பானிலிருந்து வந்து அவருடன் சேர்ந்த விவசாய இரசாயனவியலாளர் மசுசோ ஷிகாட்டாவும் அவரும் 1924இல் ஒரு கருவி செய்தார்கள். மின்னழுத்தம் தானாகக் கூடும்போது கூடவே ஓர் உருளையும் சுழலும். அதில் சுற்றியிருக்கும் புகைப்படத் தாளில் மின்னோட்டம் கோடாகப் பதியும். மணிக்கணக்கு வேலை நிமிடக் கணக்கானது. போலறோகிராவ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தானாகப் பதிவுசெய்யும் இரசாயனப் பகுப்பாய்வுக் கருவிகளில் அது மிக முந்தியது.

மருந்துகளுக்கும் இந்த முறைக்கும் உள்ள உறவும் அங்கேயே தொடங்குகிறது. ஷிகாட்டா 1925இல் நைத்திரோபென்சீன் என்ற சேதனச் சேர்வையை இப்படி அளந்து காட்டினார். அதுவரை உலோகங்களுக்கான முறை என்று எண்ணப்பட்டது சேதனப் பொருட்களுக்கும் திறந்தது. நைத்திரோக் கூட்டம் பாதரசத் துளியில் எளிதாக இலத்திரன்களை ஏற்கும். பின்னாளில் வந்த குளோரம்பெனிகோல் என்ற அன்டிபயோட்டிக்கிலும், வயிற்றோட்டத்துக்கு இன்றும் கொடுக்கப்படும் மெட்ரோனிடசோலிலும் இருப்பது அதே கூட்டம்தான். ஆகவே அந்த மருந்துகள் கரைசலில் இருந்தால் துளி காட்டிக்கொடுத்துவிடும். குளிசையில் சொன்ன அளவு மருந்து இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மருந்து ஆய்வுகூடங்கள் நெடுங்காலம் இந்த முறையைப் பயன்படுத்தின.

மூடிய பல்கலைக்கழகம், அணையாத ஆய்வுகூடம்

1926இல் ஹெய்ரோவ்ஸ்கி சார்ள்ஸ் பல்கலைக்கழகத்தில் பௌதிக இரசாயனத்தின் முதல் பேராசிரியர் ஆனார். அதே ஆண்டு மாரி கொரானோவாவைத் திருமணம் செய்தார். மகள் யிட்கா, மகன் மிக்கேல். புதிதாக விடுதலை பெற்ற செக்கோசிலவாக்கியாவின் விஞ்ஞானம் உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்று எண்ணி, 1929இல் எமில் வொட்டோச்செக்குடன் சேர்ந்து ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கட்டுரைகள் வரும் ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கினார். சின்ன மொழி பேசுகிறவர்கள் தங்கள் வேலையை உலகுக்குக் காட்ட வேண்டுமானால் அதற்கான பாதையையும் தாங்களே வெட்டவேண்டியிருக்கிறது. பிராக்குக்கு வெளிநாட்டு மாணவர்கள் வந்து முறையைக் கற்றுத் திரும்பினார்கள். 1933இல் அவரே அமெரிக்கா போய்ப் பல பல்கலைக்கழகங்களில் விரிவுரை செய்தார்.

1939இல் நாசிப் படைகள் பிராக்கைப் பிடித்தன. அந்த நவம்பரில் செக் பல்கலைக்கழகங்கள் எல்லாம் மூடப்பட்டன. ஆய்வுகூடமும் போய்விடும் நிலை. பிராக்கிலிருந்த ஜேர்மன் பல்கலைக்கழகத்தின் இரசாயனவியலாளர் யோஹான் போம் உதவியதால் ஹெய்ரோவ்ஸ்கிக்குத் தன் கருவிகளோடு வேலை செய்ய இடம் கிடைத்தது. 1941இல் போலறோகிராவியம் பற்றிய அவருடைய விரிவான நூல் வியன்னாவில் வெளிவந்தது. போர் முடிந்த பிறகு 1950இல் அவர் தலைமையில் பிராக்கில் தனி ஆய்வு நிறுவனம் அமைந்தது. இந்திய விஞ்ஞானக் கழகம் 1955இல் அவரைக் கௌரவ உறுப்பினராக்கியது. நோபல் பரிசுக்கு அவர் பெயர் பலமுறை முன்மொழியப்பட்டும் தள்ளிப்போய், 1959இல்தான் கிடைத்தது. அப்போது அவருக்கு 68 வயது. கண்டுபிடித்த நாளிலிருந்து 37 ஆண்டுகள். 1967 மார்ச் 27ஆம் திகதி பிராக்கில் காலமானார். அங்கே உள்ள பௌதிக இரசாயன நிறுவனம் இன்று அவர் பெயரில் இயங்குகிறது.

துளி போய்ப் பட்டி வந்தது

பாதரசம் நஞ்சு. மினமாட்டாவில் மக்கள் பட்ட துன்பத்துக்குப் பிறகு அதை ஆய்வுகூடங்களே விலக்கத் தொடங்கின. இன்னொரு குறையும் அதற்கு உண்டு. இலத்திரன்களை ஏற்கும் பொருட்களைக் காட்ட அது நல்லது. ஆனால் பரசிட்டமோல், டைக்ளோபெனக் போன்றவை இலத்திரன்களை விடும்போதுதான் தம்மைக் காட்டும். அவற்றை ஒட்சியேற்றத் தேவையான அழுத்தத்துக்குப் போனால் பாதரசமே கரைந்துவிடும். அதனால் காபன் மின்வாய்கள் வந்தன. 1962இல் அமெரிக்கரான லேலண்ட் கிளார்க் மின்வாயின் மேல் நொதியத்தை வைத்துக் குளுக்கோசை அளக்கும் வழியைச் சொன்னார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் பட்டி.

பட்டியை ஒருமுறை பாவித்துவிட்டு எறிகிறோம். காரணம் சிக்கனமின்மை அல்ல. இரத்தமோ ஆற்று நீரோ பட்ட காபன் மேற்பரப்பில் அழுக்குப் படிந்துவிடும். இரண்டாம் முறை அது சொல்வதை நம்ப முடியாது. விழுந்து போகும் துளி செய்த வேலையை இன்று எறிந்துவிடும் பட்டி செய்கிறது.

தண்ணீரில் மருந்தைத் தேடுவதும் இதே வழிதான். காபன் மேற்பரப்பில் நுண்துகள்களைப் பூசுகிறார்கள். அல்லது ஒரு குறித்த மருந்தின் வடிவத்துக்கு அச்செடுத்த பல்பகுதியத்தைப் பூசுகிறார்கள். சாவி பூட்டுக்குள் போவது போல அந்த மருந்து மட்டும் அதில் போய் அமரும். பிறகு மின்னழுத்தத்தைக் கூட்டி மின்னோட்டத்தைப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டின் காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. உணரிகள் பற்றிய ஆய்வும் அங்கே நடக்கிறது. ஆகவே இது எங்களுக்குத் தூரத்து விஞ்ஞானம் அல்ல. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் எங்கள் மொழி பேசும் ஊரிலேயே நடக்கும் வேலை.

எங்கள் தண்ணீர்

எல்லயிலிருந்து பார்த்தால் தண்ணீர் இரு திசைக்கும் போகிறது. எல்லப் பள்ளத்தாக்கின் நீர் இராவணா நீர்வீழ்ச்சியைத் தாண்டி, கிரிந்தி ஓயாவாக வெல்லவாய பக்கம் இறங்குகிறது. பதுளை நகரின் நீர் பதுளு ஓயா வழியே மகாவலியைச் சேர்கிறது. மேட்டில் இருப்பவர்களின் கழிவு பள்ளத்தில் இருப்பவர்களின் பீலிக்கு வருவது மலையின் இயல்பு. இருபது வருடத்துக்கு முன் மேட்டில் தேயிலை மட்டும்தான் இருந்தது. இப்போது விடுதிகளும் உணவகங்களும் மருந்துக்கடைகளும் வந்துவிட்டன. நாம் விழுங்கும் மருந்து முழுவதும் உடம்பில் தங்குவதில்லை. ஒரு பகுதி சிறுநீரோடு மலசலகூடக் குழிக்குப் போகிறது. காலம் கடந்த குளிசைகளைப் பலர் கானில்தான் கொட்டுகிறார்கள். கோழிக்குக் கொடுக்கும் மருந்தும் மழையோடு ஓடைக்கு வருகிறது.

இப்படி ஓடைக்கு வந்தது எவ்வளவு என்று கேட்டால், அங்கேதான் நாங்கள் நிற்கிறோம். சில வருடங்களுக்கு முன் மாணவர்களுடன் சேர்ந்து எங்கள் பீலித் தண்ணீரைப் போத்தலில் எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அறிக்கை வந்தது. நிறம், கலங்கல், அமிலத்தன்மை, கோலிபோம் பக்டீரியா. மருந்துகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கேட்டபோது, அதற்கான வசதி தங்களிடம் இல்லை என்றார்கள். பொய் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னார்கள். ஆனால் அறிக்கையில் வரி இல்லாததை, தண்ணீரில் மருந்தே இல்லை என்று ஊரில் பலரும் எடுத்துக்கொண்டார்கள்.

அளக்கப் போனவர்கள் கண்டது வேறு. 2007இல் சுவீடன் ஆய்வாளர் யோகிம் லார்சன் குழுவினர், ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் சுமார் 90 மருந்து உற்பத்தி நிறுவனங்களின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறும் நீரைச் சோதித்தார்கள். லீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரொபுளொக்சசின் இருந்தது. மனித இரத்தத்தில் மருந்தாக வேலை செய்யத் தேவையான அளவை விடவும் அது கூட. அளவை மட்டும் பார்த்தால், 1924ஆம் ஆண்டுக் கருவியே எட்டிப் பிடிக்கக்கூடியது. அதுவரை யாரும் அளந்து வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். 2021இல் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் லிகி பிலிப் குழுவினர், காவிரியில் 22 இடங்களில் இரண்டு ஆண்டுகள் மாதிரி எடுத்து, வலி நிவாரணிகள், இரத்த அழுத்த மருந்துகள், அன்டிபயோட்டிக்குகள் கலந்திருப்பதை வெளியிட்டார்கள். எங்கள் நாட்டிலும் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைத்தியசாலைக் கழிவுநீரிலும் நீர்வாழ் உயிரின வளர்ப்பிடங்களிலும் அன்டிபயோட்டிக்குகளை அளந்திருக்கிறார்கள்.

குறைந்த அளவுதானே, என்ன செய்யும் என்று கேட்கலாம். ஒருவர் ஒரு டம்ளர் குடித்தால் உடனே ஒன்றும் ஆகாது என்பது சரிதான். ஆபத்து பக்டீரியாக்களுக்குள் நடப்பதில் இருக்கிறது. சாகடிக்கப் போதாத மருந்தில் வாழ்ந்து பழகியவை அதற்கு அடங்காதவையாக மாறும். உலக அளவில் 2019ஆம் ஆண்டு மட்டும் 12 லட்சத்து 70 ஆயிரம் மரணங்களுக்கு மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்கள் நேரடிக் காரணம் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. வேலைக்குப் போனால்தான் சம்பளம் என்று வாழும் குடும்பத்தில், முதல் மருந்துக்கு அடங்காத காய்ச்சல் என்றால் எத்தனை நாள் பெயர் விழாது, எத்தனை தடவை பதுளைக்கு பஸ் ஏற வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் மாவட்டத்தின் கிராந்துருகோட்டைப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோயால் குடும்பங்கள் பட்டதும் நினைவில் இருக்க வேண்டும். அதற்குக் காரணம் மருந்துகள் என்று நான் சொல்லவில்லை. நோய் பரவிய பிறகு தண்ணீரைத் தேடிப் போவது எவ்வளவு கஷ்டம் என்பதை அந்த அனுபவம் காட்டுகிறது.

என்ன செய்யலாம்

உணரி வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று மாணவர்களிடம் நான் சொல்வதில்லை. ஆற்று நீரில் மருந்துகள் பெரும்பாலும் லீற்றருக்கு மைக்ரோகிராம், நனோகிராம் அளவில்தான் இருக்கும். பட்டான்செரு அளவை விட ஆயிரம், லட்சம் மடங்கு குறைவு. இலைதழை அழுகிய பொருட்கள் மின்வாயில் படிந்து குழப்பும். ஒட்சிசன் 1922இல் காட்டியது போலவே இன்றும் தன் படியைக் காட்டும். ஒரே அழுத்தத்தில் இரண்டு மருந்துகள் படி காட்டினால் பிரித்தறிவது கஷ்டம். ஆய்வுகூடத்து வடிகட்டிய நீரில் நன்றாக வேலை செய்யும் பல உணரிகள் ஓடைத் தண்ணீரில் தடுமாறுகின்றன. முடிவான பதிலுக்குப் பெரிய ஆய்வுகூடத்தின் நிறத்திணிவுமானி தேவைதான்.

ஆனால் எந்த இடத்து மாதிரியை அங்கே அனுப்ப வேண்டும் என்று கண்டுபிடிக்க மலிவான கருவி போதும். 2011இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்து ஆய்வாளர்கள், 80 டொலருக்கும் குறைந்த செலவில் செய்யக்கூடிய மின்னிரசாயன அளவியொன்றின் வரைபடங்களை எவரும் செய்துகொள்ளும்படி வெளியிட்டார்கள். ஹெய்ரோவ்ஸ்கி கண்ட படிகளை ஒரு பாடசாலை மேசையிலேயே வரைந்து பார்க்கலாம். பதுளையில் பல்கலைக்கழகம் இருக்கிறது, போதனா வைத்தியசாலை இருக்கிறது, ஆர்வமுள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

குளுக்கோசுப் பட்டி வீட்டுக்கு வந்ததற்குக் காரணம், அதை வாங்க உலகம் முழுவதும் நோயாளிகள் இருந்தார்கள். பீலித் தண்ணீருக்குப் பட்டி வாங்கும் சந்தை கிடையாது. அதனால் இது பொதுப்பணத்தில் நடக்க வேண்டிய வேலை. பிரதேச சபைகளிடமும் நீர் வழங்கல் அதிகாரிகளிடமும் நான் கேட்பது பெரிதல்ல. வைத்தியசாலைக் கானுக்குக் கீழே, விடுதிகள் நெருங்கிய ஓடைக்குக் கீழே, லயன்களுக்குத் தண்ணீர் எடுக்கும் ஊற்றில் என்று மூன்று வகை இடங்களில் வருடத்துக்கு இரண்டு தடவை, வரட்சியில் ஒன்றும் மழையில் ஒன்றும் மாதிரி எடுங்கள். நாலைந்து மருந்துகளை மட்டுமாவது பல்கலைக்கழகமொன்றில் அளந்து, முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் ஊரில் ஒட்டுங்கள். அளக்காத மருந்துகளின் பெயருக்கு எதிரே, அளக்கப்படவில்லை என்று எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகாவது, அறிக்கையில் வரி இல்லாததைத் தண்ணீர் சுத்தம் என்பதற்கு அத்தாட்சியாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.